ஏழு காலண்டர்

“வீட்டுச் சுவத்துல ஏழு காலண்டர் தொங்குது ராமுத்தாயி! எட்டாவது எதுக்கு?”

சிவகாசி காலண்டர் கடை வாசலில் நின்று மனைவியிடம் கத்தினார் கண்ணுச்சாமி.

“நான் வாங்குனது மூணுதான? மிச்சம் நாலும் தீப்பெட்டிக் கம்பெனியில சும்மா குடுத்தாகன்னு நீங்கதான கொண்டாந்தீக? போயி காப்பி குடிச்சிட்டு வாங்க.”

அவர் போனதும் உள்ளே நுழைந்து, கடைக்காரர் சுந்தர்ராஜிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப நல்லாத் தூங்குறேன், டாக்டர். படபடப்பும் இல்ல.”

மதராஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் சுந்தர்ராஜ், விருதுநகரில் போர்டு மாட்டி ஆறு மாதம் ஈ ஓட்டியவர். பைத்தியத்துக்கு மருந்து வாங்குவதாகப் பெயர் வந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதென்று யாரும் படியேறவில்லை. சிவகாசிக்கு வந்து காலண்டர் கடை வைத்தார், கூட்டம் தாங்கவில்லை.

மாத்திரைப் பொட்டலத்தை முருகன் படக் காலண்டருக்குள் சுருட்டிக் கொடுத்தார்.

“எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது, டாக்டர்.”

அவள் வெளியே வந்தபோது கண்ணுச்சாமி திரும்பியிருந்தார். “நீ போயி பஸ்ஸுல இடம் போடு. இந்தக் கடைக்காரன நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்.”

விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“எனக்கும் ஒரு காலண்டர் சுருட்டுங்க, டாக்டர். கம்பெனியில சும்மா குடுத்தாகன்னு சொல்லிக்கிறேன்.”