தாருக்கு அடியில்

"யோவ், என் வண்டியில எதுக்குய்யா ஓட்டை போட்டே?"

சுஹுரா போட்ட சத்தத்தில் மொம்பாசா படகுத்துறையே திரும்பிப் பார்த்தது.

உப்புத்தண்ணியில் வேன் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் எண்ணெய் அடிக்கத்தான் மெக்கானிக் ரஜபுவிடம் வந்திருந்தாள். அந்தப் படுபாவி என்னடாவென்றால், வண்டிக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி ஸ்குரூ டிரைவரால் ஒரே குத்து!

"நான் போடலக்கா. ஏற்கெனவே இருந்த ஓட்டைதான். தார் பூசி மறைச்சிருக்கு."

"யார்கிட்ட கதை விடுறே? மீன் வியாபாரிகிட்ட வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. பெயிண்ட்ல முகம் பார்க்கலாம். அடியிலயும் கன்னங்கரேல்னு எப்படி இருந்துச்சு!"

"அந்தக் கருப்பைத்தான் நம்பக் கூடாது."

"நாளைக்குப் பதினாலு பிள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்தணும்யா!"

வளையலையெல்லாம் விற்று வாங்கிய வேன்.

"ஏத்தாதீங்க. பின் சீட்டுக்குக் கீழ தரையே இல்ல."

வேடிக்கை பார்த்த மரவள்ளி வறுவல்காரர் சிரித்தார். "இவனுங்களே ஓட்டை போடுவானுங்க, இவனுங்களே அடைப்பானுங்க. போலீஸைக் கூப்பிடும்மா!"

"கூப்பிடுங்க. ஆனா சாவி தரமாட்டேன்" என்றான் ரஜபு. "ராத்திரிக்குள்ள தகடு வச்சு வெல்டிங் அடிச்சுடறேன். காசு வேணாம்."

சுஹுராவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

"ஓசியில வெல்டிங்கா? நீ என்ன அவ்வளவு நல்லவனா?"

அவன் முகம் கறுத்தது. ஸ்குரூ டிரைவரை அவளிடம் நீட்டினான்.

"வலது சக்கரத்துக்குப் பின்னால நீங்களே சுரண்டிப் பாருங்க. தாருக்கு அடியில அரிசிச் சாக்கு இருக்கும். சிவப்புச் சேவல் படம் போட்டது."

பிடுங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஆத்திரம் தீரச் சுரண்டினாள். தார் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

சாக்கு. அதில் சிவப்புச் சேவல்.

இழுத்தாள். கையே நுழையும் அளவுக்கு ஓட்டை. மேலே சீட்டின் கால் தெரிந்தது. நாளைக்குச் சின்னப் பிள்ளைகள் உட்காரப்போகிற சீட்டு.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"ஏய்யா... தார் மூடியிருந்த சேவல் உன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ரஜபு தலை நிமிரவில்லை.

"விக்கறதுக்கு முந்தி மீன் வியாபாரி இங்கதான் கொண்டுவந்தார். அந்தச் சாக்கை வச்சு அடைச்சவன் நான்தான்க்கா."