இரண்டாவது ரிங்குக்குள்

மணி பத்து. போன் இன்னும் அடிக்கவில்லை.

பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழேகால் பஸ்ஸில் ஏறி, திருநெல்வேலியில் இன்னொரு பஸ் மாறினால், எட்டே முக்காலுக்குக் காலேஜ் வாசல். இறங்கியதும் மகன் இசக்கிராஜா மிஸ்டு கால் கொடுப்பான். இரண்டு ரிங். அப்புறம் கட் பண்ணிவிடுவான். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

அவள் எடுக்கக் கூடாது. எடுத்தால் வீட்டில் ஏதோ கெட்ட சேதி. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கிறாள். அவன் தாத்தா செத்த அன்று.

இப்போது பேச்சுக்குத் தனிக் காசு கிடையாது. ஆனாலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஒன்பதரைக்குப் பேச்சித்தாய் வந்ததுதான் வினை.

பக்கத்து வீட்டுக்காரி. பீடி இலை குறைகிறது என்று வந்தவள், வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். அந்த வாய் சும்மா இருக்குமா?

"மாறாந்தை விலக்குல படியில தொங்கிட்டுப் போன காலேஜ் பையன் ஒருத்தன் விழுந்துட்டானாம்ளா. ஏழேகால் பஸ்ஸுதானாம். ஒம்மவன் அதுலதான போவான்?"

"எம்மவன் படியில நிக்க மாட்டான்."

சொல்லும்போதே பொய் என்று தெரியும். அந்த பஸ்ஸில் உள்ளே நிற்க இடம் ஏது? தினமும் அவன் சட்டை முதுகில் ரோட்டுப் புழுதி அப்பிக் கிடக்கும். துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

பேச்சித்தாய் வாசல் தாண்டியதும் மகனுக்குப் போன் போட்டாள்.

சுவிட்ச் ஆஃப்.

மறுபடி போட்டாள். சுவிட்ச் ஆஃப். போனுக்குள் இருக்கிற அந்தப் பொம்பளை எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொன்னாள். அவளைக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

கேரளாவில் இருக்கிற அவன் அப்பாவுக்குச் சொல்லலாமா? சொல்லி என்ன ஆகும்? கட்டடத்துச் சாரத்தில் நிற்கிற மனிதர். அங்கே அவர் கால் நடுங்கினால் அது வேறு.

இசக்கியம்மனுக்கு ஒரு கோழி நேர்ந்தாள்.

பத்தரைக்குக் கோழி கிடாவாயிற்று.

பதினோரு மணிக்குத் தன் தலைமுடியையும் சேர்த்துக்கொண்டாள்.

கை மட்டும் நிற்கவில்லை. இலையை வைத்து, தூளைத் தூவி, சுருட்டி, நூலைச் சுற்றிப் போட்டபடி இருந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் தொளதொளவென்று கிடந்தன. பீடிக் கடைக்காரன் ஒன்றைக்கூட எடுக்க மாட்டான்.

எல்லாம் தன்னால்தான்.

போன ஜூனில் ஹாஸ்டல் விண்ணப்பம் கொண்டுவந்து நீட்டினான். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது, படிக்க முடியவில்லை என்றான். அவன் அப்பா போனிலேயே சரி சொல்லிவிட்டார்.

அவள்தான் விடவில்லை. வீட்டுச் சோறு, உடம்பு, அந்த ஊர்த் தண்ணி என்று ஆயிரம் காரணம் சொன்னாள். ஒன்றும் நிஜமில்லை. சாயங்காலம் அவன் வந்து, 'எம்மா, பசிக்கி' என்று சொல்லாத வீட்டில் அவளால் இருக்க முடியாது. அவ்வளவுதான்.

அந்த விண்ணப்பத்தில் கருவாடு பொதிந்து பேச்சித்தாய்க்குக் கொடுத்தாள்.

கருவாடு! பாவி, பாவி.

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கே போய்விடுவது என்று எழுந்தாள். சேலையை மாற்றினாள். கொசுவம் நிற்கவில்லை. இரண்டு தடவை வைத்தும் சரிந்தது. எப்படியோ அள்ளிச் செருகிக்கொண்டு, பூட்டுச் சாவியைத் தேடினாள்.

போன் அடித்தது.

ஒன்று.

தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓடினாள். கால் பட்டுத் தட்டு கவிழ்ந்து, புகையிலைத் தூள் தரையெல்லாம் கொட்டியது. இன்னொரு ரிங்தான். அதற்குள் எடுக்காவிட்டால் வைத்துவிடுவான்.

இரண்டு.

அமுக்கிவிட்டாள்.

"எம்மா?" அந்தப் பக்கம் பதறியது. "எம்மா, ஏன் எடுத்த? அப்பாவுக்கு என்னாச்சு?"

அவன் குரல்தான். முழுசாக, நல்ல திடமாக இருந்தது.

தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. உடம்பில் எடையே இல்லை. அம்மா தாயே, ஒன்றென்ன, இரண்டு கிடாவாகவே வாங்கிக்கொள்.

"எம்மா! பேசுறியா இல்லியா?"

"ஒங்கப்பா நல்லாத்தான் இருக்காவ. நீ எங்கல போன?"

விழுந்தது அவன் கூடப் படிக்கிற பையன். கைதான் முறிந்திருக்கிறது. இவன்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து நேரே பரீட்சைக்கு ஓடியிருக்கிறான். போனை அணைத்து வெளியே வைத்துவிட்டுத்தான் ஹாலுக்குள் போக வேண்டும். இப்போதுதான் வெளியே வந்தான். வழக்கம்போல மிஸ்டு கால் கொடுத்தான்.

"இதுக்கா எடுத்த? நான் பயந்தே போயிட்டேன்மா," என்றான்.

இவன் பயந்துவிட்டானாம்! நல்லா நாலு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

வேறு வந்தது.

"ஏல ராசா... இப்பப் போயி கேட்டாலும் ஹாஸ்டல்ல இடம் குடுப்பாவளா?"