கழிப்பறை கேட்ட கேள்வி

மாசிலாமணி உள்ளே போனதும் மருத்துவமனை பொருத்திய பேசும் கழிப்பறை நொடிகளை எண்ணத் தொடங்கியது. நூற்றிருபது நொடிக்குள் சிறுநீர் வரவில்லை என்று அது பதிவு செய்தால், டியூப் போட்டுவிட ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்துவிடும். போன மாதம் போட்டபோது மூன்று நாள் வலியில் அழுதார்.

"எண்பது" என்றது கழிப்பறை. அது எண்ண எண்ண, அவருக்கு அடிவயிறு இன்னும் இறுகியது.

கதவுக்கு வெளியே நின்ற மனைவி பூரணம், கைக்குழந்தைக்குச் செய்வதுபோல், "உஸ்ஸ்ஸ்..." என்றாள்.

"ஏய், மானத்த வாங்காதடி!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு தளர்ந்து, சிறுநீரும் வந்தது.

"நூற்றுப்பத்து. எடுத்துக்கொண்ட மருந்து?" என்று கேட்டது கழிப்பறை.

"பொண்டாட்டி."

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

"கூப்பிடுறப்பெல்லாம்னு சொல்லுங்க" என்றாள் பூரணம்.