கதகதப்பு

"தங்கங்களா, என்ன வண்டி செஞ்சு குடுத்திருக்கீங்க! நடு சீட்டுப் பசங்க பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, வெறும் சாக்ஸோட தரையில காலை வச்சுக்கிட்டு வர்றாங்க. அவ்வளவு கதகதப்பு!"

ரேடியோவில் லொரெய்ன். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். லேசில் எதையும் பாராட்டாதவள்.

கூடத்தில் நின்றிருந்த நாற்பது பேரும் கைதட்டினோம்.

மிச்சிகனில் ஜனவரி மாதக் காலை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. நாங்கள் செய்த மின்சார பஸ்கள் பன்னிரண்டும் அன்றுதான் முதல்முறையாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று வருஷ உழைப்பு. மெத்தை அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றில் ஆறு பேராகத் தொடங்கினோம். கூரை ஒழுகும். கணினிக்குக் குடை பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறோம். ஒரு சோதனையை எட்டு முறை செய்வோம். ஒன்பதாவது முறை செய்ய நாள் இருக்காது. என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் முதல் பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறியது. போகாததற்கு நான் வருத்தப்படவே இல்லை.

கோல்பி மேசை மேல் ஏறி நின்றான். கம்பெனியைத் தொடங்கியவன், முப்பத்து நாலு வயதுக்காரன். கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு அழுதான். அது நடிப்பில்லை.

என் பக்கத்தில் நின்ற ஆர்லோ மட்டும் கைதட்டவில்லை. பஸ்ஸின் ஹீட்டரைச் செய்தவன் அவன். பாராட்டு அவனுக்குத்தான் சேர வேண்டும்.

"ரெனாட்டா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என் ஹீட்டர் காத்து மேல கூரையிலேர்ந்துல்ல வருது."

தரைக்கு அடியில் இருப்பது பேட்டரி மட்டும்தான்.

பேட்டரி என் பொறுப்பு.

சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். எல்லாமே பச்சை. கீபோர்டை இழுத்து லொரெய்னின் பஸ்ஸுக்கான கட்டத்தைத் திறந்தேன். பேட்டரியின் சூடு அறுபத்தொரு டிகிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்திரண்டு ஆனது.

கோல்பி கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினேன்.

"லொரெய்ன், வண்டியை ஓரங்கட்டுங்க. பசங்க எல்லாரையும் கீழ இறக்குங்க. இப்பவே."

"இந்தப் பனியிலயா? உனக்கென்ன பைத்தியமா? பாதிப் பேர் கால்ல பூட்ஸ் இல்லம்மா!"

"அப்படியே இறக்குங்க!"

பிரேக் பிடிக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு லொரெய்ன் எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் ஓர் எண். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை.

இருபத்தாறில் நின்றது. யாரோ ஒரு பிள்ளை பூட்ஸைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டது போல. லொரெய்ன் கத்தினாள். இருபத்தேழு.

முப்பத்தொன்றோடு முடிந்தது. அதன் பிறகு ரேடியோவில் வெறும் இரைச்சல்.

மற்ற பதினோரு பஸ்களிலும் பிள்ளைகளை இறக்கிவிடச் சொன்னோம். ஒவ்வொரு டிரைவரிடமும் நான்தான் பேசினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கால் மணி நேரம் கழித்து லொரெய்ன் ஒரு பண்ணை வீட்டிலிருந்து போன் செய்தாள். அந்த வீட்டுக்காரர்கள் இருக்கிற போர்வையையெல்லாம் எடுத்துப் பிள்ளைகளின் காலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை இறங்கி நாலு நிமிஷத்தில் பஸ்ஸின் நடுத்தரை வெடித்துத் தீப்பிடித்ததாம். இப்போது இரும்புக்கூடுதான் மிச்சமாம். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு என்னைக் கட்டிக்கொள்ளாதவர்கள் இல்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ என் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள்.

கோல்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் கை போட்டான்.

"இன்னிக்கு முப்பத்தொரு பிள்ளைங்க உயிரோட வீட்டுக்குப் போகுதுன்னா, அதுக்கு இவதான் காரணம்."

மறுபடி கைதட்டல். இந்தத் தடவை ஆர்லோவும் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தவன், ஏதோ நினைவுக்கு வந்தாற்போல நிறுத்தினான்.

"ஆனா அம்பது டிகிரியிலயே திரை சிவப்பாகி அலாரம் அடிச்சிருக்கணுமே. ஏன் அடிக்கல?"

கோல்பியின் கை என் தோளை விட்டு அகலவில்லை. அழுத்தியது என்றும் சொல்ல முடியாது.

"நல்ல கேள்வி," என்றான். "ரெனாட்டாவே விசாரிச்சு அறிக்கை எழுதட்டும். அவளை விட்டா நாம வேற யார நம்புறது?"

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை முகங்களிலும் நன்றி.

நான் தலையாட்டினேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால் கோல்பி என் மேசைக்கு வந்து, சோதனை ஓட்டத்தில் சும்மா சும்மா அலாரம் அடிக்கிறது, பள்ளிக்கூடத்துக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டினேன். ஐம்பது என்று இருந்த இடத்தில் எழுபது என்று மாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.