மட்டமான நீலக் கிரேன்

"நீங்க சொல்றதுதாண்ணா விலை. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

பல் டாக்டரின் மனைவி இப்படிச் சொன்னதும் கொக்கிக்கு உள்ளங்கை லேசாக வியர்த்தது.

கொக்கி என்பது பட்டப்பெயர். எந்த மாடல் கிரேனைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் கொக்கியைத்தான் திருப்பிப் பார்ப்பார். அது பிளாஸ்டிக் என்றால் மீதியைப் பார்க்கவே மாட்டார். பிழைப்புக்கு இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட லாரியைச் சுற்றி வந்து, இந்த நசுங்கல் பழசு, அந்தக் கீறல் பழசு என்று நஷ்டஈட்டைக் குறைப்பது உத்தியோகம். அதையே ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்.

டாக்டருக்கும் அவருக்கும் ஒரே பைத்தியம். நிஜக் கிரேனை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, கப்பி, கயிறு எல்லாம் அப்படியே வைத்துச் செய்த உலோக மாடல்களைச் சேர்க்கும் பைத்தியம். ஊரில் வேறு யாருக்கும் இந்த வியாதி இல்லாததால் ஒருவரை ஒருவர் விட முடியவில்லை.

இப்போது டாக்டர் இல்லை. அந்த அம்மாள் மகள் வீட்டோடு போகிறார். அங்கே அவருக்கு ஒரே ஒரு அறை, கண்ணாடி அலமாரிக்கு இடமில்லை. நாளைக்குப் பழைய மாடல்களை வாங்கி விற்கும் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். அவர் ஏமாற்றிவிடக் கூடாதே என்று சொல்லித்தான் அந்த அம்மாள் கொக்கியை அழைத்து விலை போடச் சொன்னார். ஏமாற்றத் தெரிந்தவன் கடைக்காரன் மட்டும்தான் என்று நினைக்கிற நல்ல மனசு.

கொக்கி மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"இந்தச் சிவப்பு நல்லாப் பளபளன்னு இருக்கேண்ணா?"

"பளபளப்பை நம்பாதீங்கம்மா. கையில எடுத்துப் பாருங்க, வெயிட்டே இல்ல. கப்பியும் சுத்தாது, சும்மா ஒட்டி வச்சிருக்கான்."

பக்கத்தில் தூசி படிந்த சாம்பல் நிறத்தை எடுத்தார். கொக்கியைத் திருப்பிப் பார்த்தார், கயிற்றை விரலால் சுண்டினார். சிவப்பைப் போல நாலு மடங்கு விலை சொல்லி, கடைக்காரன் பாதிக்குக் கேட்பான், அசையவே அசையாதீங்க என்றார். அவர் சொன்ன விலையை அந்த அம்மாள் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டே வந்தார்.

தட்டுக்குத் தட்டு இதே நேர்மை. அரிச்சந்திரன் பக்கத்தில் நின்றிருந்தால் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பான்.

கடைசித் தட்டில் நீலக் கிரேன் இருந்தது.

இனி யாரும் செய்யப் போவதில்லை என்று கம்பெனியே கைவிட்ட மாடல். கையின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பற்றவைத்தது. சுண்டுவிரல் நகத்தளவு கப்பிகூட உயிருள்ளது மாதிரி சுற்றும். அதைப் பார்க்கத்தான் கொக்கி ஞாயிறுதோறும் வந்தார். வந்து, "இதைப் போய் வாங்கினீங்களே டாக்டர்" என்று வாராவாரம் அலுத்துக்கொள்வார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் டாக்டர் ஒருநாள் அதைத் தன்னிடமே தள்ளிவிட மாட்டாரா என்ற நப்பாசை.

டாக்டர் சிரிப்பார். "வலிக்கிற பல்லைத்தான் நாக்கு சும்மா விடாது" என்பார். பல் டாக்டர் வேறு எதைப் பேசுவார் என்று கொக்கியும் அதை விட்டுவிடுவார்.

"இதுக்கு என்னண்ணா போடட்டும்?"

மனசாட்சி ஒருமுறை இருமியது. இவ்வளவுக்கும் நியாயமாகத்தானே சொன்னேன், ஒண்ணே ஒண்ணுதானே என்று அதைச் சமாதானம் செய்து உட்கார வைத்தார்.

"இதாம்மா இருக்கறதிலேயே மட்டம்" என்றார். "பெயின்ட் மங்கிப் போச்சு. கயிறு ஒரிஜினல் கிடையாது. இந்தக் கப்பி வேற ஆடுது. பெட்டியும் இல்ல. பெட்டி இல்லாத மாடலைக் கடைக்காரன் தொடவே மாட்டான்."

ஆடாத கப்பியை விரலால் ஆட்டியும் காட்டினார்.

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். "நிஜமாவே மட்டம்தானாண்ணா?"

அப்போதாவது நாக்கு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "உங்ககிட்ட நான் பொய் சொல்வேனாம்மா? ஒரு ஜோடி செருப்பு விலை போடுங்க. அதையும் நானே குடுத்துடறேன். டாக்டர் ஞாபகமா எங்க வீட்டுல ஒரு மூலையில கிடக்கட்டும்."

சட்டைப்பையில் பணம் தயாராக இருந்தது. அதை எடுக்கும்போது குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டார். தன் நடிப்பில் தனக்கே கண் கலங்கியது.

அந்த அம்மாள் பணத்தை வாங்கவில்லை. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் நீலக் கிரேனின் பெட்டி. மூலை நசுங்காமல், உள்ளே வைக்கும் தெர்மாகோல் முதற்கொண்டு பத்திரமாக இருந்தது.

பெட்டி இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். குட்டு உடைந்தது, இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்று கொக்கி நினைத்தார். விரல்களுக்கிடையே பணம் கசங்கியது.

அந்த அம்மாள் கிரேனை நிதானமாகப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூடி, அவர் மடியில் வைத்தார்.

"இந்தப் பெட்டியை மட்டும் தனியா எடுத்து வைக்கச் சொன்னாருண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ. எந்தக் கிரேன்னு சொல்லல. பெட்டியைத்தான் காட்டினாரு. 'நீ ஒண்ணும் சொல்லாதே, விலை போட மட்டும் கூப்பிடு. எல்லாத்துக்கும் கொக்கி சொல்ற விலையை அப்படியே நம்பு. எதை ரொம்ப மட்டம்னு சொல்றாரோ, இந்தப் பெட்டியில அதை வச்சுக் குடுத்துடு, காசு வாங்காதே. பாவம், ரொம்ப வருஷமா ஆசைப்படறாரு'ன்னாரு."