மங்கலாத் தெரிஞ்சாப் போதும்

“இதுல மூஞ்சி ரொம்பத் தெளிவாத் தெரியுதே! வேண்டாம் தம்பி, அடுத்ததைப் போடு” என்றார் மருதாசலம்.

திருப்பூர் ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பூபாலனுக்குத் தலை சுற்றியது. காசில்லாமல் கிடைக்கும் வீடியோ மீட்டிங் சாஃப்ட்வேர் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. தெளிவாகத் தெரிகிறது என்று முகம் சுளித்த முதல் ஆள் இவர்தான்.

இரண்டாவதைப் போட்டான். படம் சுமார்தான். ஆனாலும் மருதாசலம், “செவுத்துக் காலண்டர்ல தேதி தெரியுது பாரு” என்று அதையும் ஒதுக்கினார்.

மூன்றாவதில், ஈர பனியன் துணியைத் தூக்கிப் பிடித்து அதன் வழியே பார்ப்பது போல இருந்தது. கையை ஆட்டினால் கை முதலிலும் விரல்கள் பின்னாலுமாக வந்து சேர்ந்தன.

“இதாம்ப்பா! இதையே என்ற லேப்டாப்புல ஏத்திக் குடு.”

“ஏனுங்ணா, இதுல உங்களுக்கே உங்களை அடையாளம் தெரியாதுங்களே?”

“அதேதான் வேணுங்கறேன்.”

பூபாலன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? விஷயம் தெருவுக்கே தெரியும். மருதாசலம் எக்ஸ்போர்ட்டர் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி வாசலில் தொங்கும் போர்டு. தையல் மெஷின்கள் எல்லாம் போன வருஷமே கைமாறிவிட்டன. இனி ஒரு ஆர்டர் பிடிக்காவிட்டால், பல்லடத்தில் மச்சான் சிவசுப்பிரமணியத்தின் கோழிப்பண்ணைக்குப் போய்த் தீவனம் அள்ள வேண்டியதுதான். மச்சான் அதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்புகூட வாங்கி வைத்துவிட்டதாகக் கேள்வி.

அந்த நேரத்தில்தான் இமெயில் வழியாக வந்து சேர்ந்தான் ஸ்டீபன் என்கிற ஜெர்மனிக்காரன். பெரிய டீ-ஷர்ட் ஆர்டர். பாதிப் பணம் முன்கூட்டியே. ஒரே நிபந்தனை, ஃபேக்டரியை வீடியோவில் காட்ட வேண்டும்.

முன்பணம் முதலில் வரட்டும், துணி அனுப்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் சாவகாசமாக யோசிக்கலாம் என்பது மருதாசலத்தின் தொழில் திட்டம்.

சாஃப்ட்வேர் பெயரை எழுதி அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தார். வெள்ளைக்காரன் இதைவிட நல்லதாக ஒன்றைக் கேட்டுவிட்டால்? ஆனால் அவன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். தங்கள் ஆபீஸிலும் அதையேதான் பயன்படுத்துகிறார்களாம்.

“வெள்ளக்காரனும் சும்மா கெடைச்சா உடமாட்டான் போல” என்றாள் அவர் மனைவி அன்புசெல்வி.

ஃபேக்டரிக்கு என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்தது. அடுத்த தெருவில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாரப்பன் தன் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு வைத்து, வேலையாட்கள் அத்தனை பேரையும் கம்பெனி வேன்களில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வாட்ச்மேன் சென்னியப்பனிடம் ஒரு குவார்ட்டர் போனது, சாவி வந்தது. டெய்லர்களாக அக்கம்பக்கத்துப் பெண்களையே உட்கார வைத்தார்கள். கேமரா என்றதும் ஒருத்தி பாக்கியில்லாமல் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள்.

மீட்டிங் ஆரம்பமானது.

“ஏஞ்சாமி, நான் டிவியில தெரியறனா?” என்று பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் கேமராவைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

“அத்தை, குனிஞ்சு தையுங்க! அவன் பாக்கறான்!” என்று பல்லைக் கடித்தாள் அன்புசெல்வி.

“எங்க கண்ணு தைக்கறது? ஊசியில நூலே இல்லியே!”

“அதெல்லாம் ஜெர்மனி வரைக்கும் தெரியாதுங்க. நீங்க பெடலை மிதிங்க.”

திரையில் ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு தொப்பி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள்.

“குட்! பிக் ஃபேக்டரி!” என்றன கட்டங்கள்.

“யெஸ் சார். ஃபைவ் ஹண்ட்ரட் டெய்லர்ஸ் சார். டுடே சம் லீவ் சார்” என்றார் மருதாசலம்.

“ஆர்டர் ஓகே. ஃபர்ஸ்ட், சாம்பிள். தௌசண்ட் பீஸ். டுமாரோ மை ஏஜென்ட் கம்மிங்.”

ஊரில் சாம்பிள் என்றால் ஐந்து பீஸ், மிஞ்சினால் பத்து. இவன் ஆயிரம் கேட்கிறான். மருதாசலம் அசரவில்லை. பெரிய ஆர்டர் என்றால் சாம்பிளும் பெரிதாகத்தான் இருக்கும். “ஓகே சார்!” என்றவர், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அன்புசெல்வியின் கழுத்தைப் பார்த்தார். ஒரே நாளில் ஆயிரம் டீ-ஷர்ட்டுக்கு அவள் சங்கிலியை விட்டால் வேறு கதியில்லை.

“அம்மா ஊட்ல போட்டதுங்க” என்றாள் அவள். “போயிருச்சுன்னா?”

“எங்க போகுது? முன்பணம் வந்ததும் ரெண்டா வாங்கிப் போட்டுக்க. கழட்டு புள்ள. இப்படியொரு ஏமாந்த சோணகிரி மறுபடியும் சிக்குவானா?”

அன்புசெல்வி பெருமூச்சோடு கொக்கியில் கை வைத்தாள்.

சட்டென்று கரண்டு போனது. 2008-ல் திருப்பூரில் ஏரியா ஏரியாவாக மின்வெட்டு, சொன்ன நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. மெஷின்கள் அடங்கின. ஜன்னல் இல்லாத ஷெட் கும்மிருட்டானது. பேட்டரியில் ஓடிய லேப்டாப்பும் யூபிஎஸ்ஸில் இருந்த மோடமும் மட்டும் தப்பின.

மருதாசலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. ஐந்நூறு டெய்லர் வைத்திருப்பவனிடம் ஒரு ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்டுவிடுவானே!

“சாரி சார், ஸ்மால் பிராப்ளம் சார்...” என்று குழறியபடி திரையைப் பார்த்தார்.

ஜெர்மனியிலும் கும்மிருட்டு.

அந்த இருட்டுக்குள்ளிருந்து, யாரையோ கடிந்துகொள்ளும் ஸ்டீபனின் குரல் மட்டும் கேட்டது: “ஏனுங்க, நம்ம ராயபுரத்துக்கு ரெண்டு மணிக்கு மேலதான் கரண்டு நிக்கும்னு சொன்னீங்க?”