ஆறு வருஷம்

புனே ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் 2006-இன் ஒரு ஞாயிறு மதியம். மற்ற நாற்காலிகள் காலி. சுப்ரஜா ஒரு கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே தங்கக் கரைசல் கொதிக்கிறது. வெளிர் மஞ்சளாக இருந்தது கறுத்து, நீலம் பூத்து, இப்போது மாதுளைச் சாறாகச் சிவக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியானால் தங்கம் சிவப்புதான். நகைக்கடையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். இந்தப் பொடி மார்பகப் புற்றுக்கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒளியைப் பாய்ச்சினால் சூடேறிக் கட்டியைக் கருக்கும். எலிகளிடம் பலித்திருக்கிறது. அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்பேசி. கட்கி பஜாரில் கொத்தமல்லிக் கட்டுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற அம்மா, அந்தப் பக்கம். அம்மாவின் மார்பில் இருந்த கட்டி புற்றுதான் என்று நேற்று ரிப்போர்ட் வந்தது. "நீ செய்யற அந்தத் தங்க மருந்த எனக்குப் போட மாட்டியாடி?" "அது இன்னும் எலிக்குத்தாம்மா." "எலி குடுத்து வெச்சிருக்கு. மனுஷங்களுக்கு எப்ப?" "பத்து வருஷமாவது ஆகும்." "அஞ்சு." "அம்மா, இது காய் விக்கிற பாஜிவாலா வண்டி இல்ல." "சரி, ஆறு. அதுக்கு மேல எங்கிட்ட இல்லடி." குடுவைக்குள் சிறு காந்தத் துண்டு கரைசலைக் கலக்கியபடி சுற்றுகிறது. நோட்டில் ஒரு தசமப் புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத சுப்ரஜா அதையே பார்க்கிறாள். "சரிம்மா. ஆறு." விற்கிறவர் இவ்வளவு சுலபமாக இறங்கினால், கொடுக்கச் சரக்கே இல்லை என்று வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும். அம்மா போனை வைக்கவில்லை. குடுவையில் சிவப்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது.